கடைசி கேள்விக்கு மட்டும் என்டர் தட்டிடாதீங்க: பழைய லேப்டாப் பாஸ்வேர்ட தூக்குற டூல் பத்தி

அலமாரி அடியில கிடந்த விண்டோஸ் 7 லேப்டாப்ப அஞ்சாறு வருஷம் கழிச்சு எடுத்து சார்ஜ் போட்டேன், ஆன் ஆனதே பெரிய ஆச்சரியம், ஆனா பாஸ்வேர்ட் கேட்டு நின்னுச்சு பாருங்க, சுத்தமா ஞாபகம் இல்ல. தப்பா போட்டா கீழ ஹின்ட் காட்டும்ல, அதுல நான் எழுதி வச்சிருந்தது "எப்பவும் போடுறதுதான்". அந்த எப்பவும் எதுன்னு எந்த மகராசனுக்குத் தெரியும். கீபோர்டு மேல சந்தேகப்பட்டு, இடது மூலை ஐகான்ல ஆன்-ஸ்க்ரீன் கீபோர்ட எடுத்தும் தட்டிப் பாத்தேன். ம்ஹும்.

முதல்ல ஒரு டூல் இறக்குனேன், பேர் வேண்டாம், ஃப்ரீன்னு போட்டிருந்துச்சு, ஸ்கேன் எல்லாம் பண்ணி யூசர் பேர அழகா காட்டிட்டு ரீசெட் பட்டன அமுக்குன உடனே காசு கட்டுங்குது. தூக்கிப் போட்டுட்டு, ஆஃப்லைன் என்டி பாஸ்வேர்ட் அண்ட் ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ங்கிற டூலுக்கு வந்தேன். நார்வேக்காரர் பெட்டர் நோர்டால்-ஹாகன் எழுதுனது, கடைசி வெர்ஷன் 2014 பிப்ரவரில வந்தது, ரொம்ப சின்ன ஃபைல், உண்மையிலேயே ஃப்ரீ. பென்டிரைவ்ல போட்டு அதுலேர்ந்து பூட் பண்ணணும், அதாவது விண்டோஸுக்கு பதிலா பென்டிரைவ்லேர்ந்து லேப்டாப்ப ஸ்டார்ட் பண்ணணும்.

பாக்க பயமாத்தான் இருக்கும். கறுப்பு ஸ்க்ரீன், வெள்ளை எழுத்து, மவுஸ் வேலை செய்யாது. ஆனா கேக்குற கேள்விக்கெல்லாம் பதில அதுவே ப்ராக்கெட்ல போட்டு வச்சிருக்கும், விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கோட எந்த பகுதில (பார்ட்டிஷன்ல) இருக்கு, என்ன பண்ணணும், எல்லாத்துக்கும் என்டர் என்டர்னு போயிட்டே இருக்கலாம். யூசர் லிஸ்ட் வரும்போது மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு 01எஃப்4, அடுத்தவங்களுக்கு 03இ8ன்னு பஸ் நம்பர் மாதிரி ஏதோ இருக்கும், நம்ம யூசருக்கு நேரா இருக்குறத டைப் பண்ணிட்டு 1ன்னு போட்டா பாஸ்வேர்ட் காலின்னு சொல்லும். அப்புறம் வெளிய வரும்போது மாத்துனத டிஸ்க்ல எழுதவான்னு ஒரு கேள்வி கேக்கும். இதுக்கு மட்டும் ப்ராக்கெட்ல இருக்குறது "என்". அதாவது நோ! நான் பழக்க தோஷத்துல என்டர் தட்டி, ரீஸ்டார்ட் பண்ணி, அதே பாஸ்வேர்ட் ஸ்க்ரீன முறைச்சுப் பாத்து, டூல திட்டி, மறுபடி முதல்லேர்ந்து... மூணாவது தடவைதான் அந்த வரிய ஒழுங்கா படிச்சேன். "ஒய்" போட்டேன், உள்ள போயிட்டேன்.

ஒண்ணு புரிஞ்சுக்கணும், இது பாஸ்வேர்ட கண்டுபிடிக்கிற டூல் இல்ல, அழிக்கிற டூல். விண்டோஸ் நம்ம பாஸ்வேர்ட அப்படியே வச்சுக்காது, அதுலேர்ந்து கணக்குப் போட்டு எடுத்த, திருப்பி பாஸ்வேர்டா மாத்த முடியாத ஒரு குறியீட (ஹேஷ்) மட்டும் எஸ்ஏஎம்ங்கிற ஃபைல்ல வச்சிருக்கும், இது அந்த இடத்த காலி பண்ணிடும், அவ்ளோதான். ஆனா குரோம் மாதிரி ப்ரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்ட், விண்டோஸ்லயே என்க்ரிப்ட் பண்ண ஃபைல் இதெல்லாம் பழைய பாஸ்வேர்ட வச்சுத்தான் பூட்டியிருக்கும். வாசக் கதவ உடைச்சு உள்ள போயாச்சு, பீரோ சாவி அந்தப் பக்கமே போயிடுச்சு. எனக்கு போட்டோ எல்லாம் பத்திரமா இருந்துச்சு, ஆனா ப்ரவுசர திறந்தா பழைய மெயில் லாகின் பாக்ஸ் வெறுமனே இருக்கு. இத முன்னாடியே படிக்காதது என் தப்புதான்.

அதனால போட்டோ, டாக்குமென்ட் மட்டும் போதும்னா பாஸ்வேர்ட தொடவே வேண்டாம். உபுண்டு மாதிரி ஒரு லைவ் லினக்ஸ, அதாவது இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற லினக்ஸ, பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி ஃபைல காப்பி அடிச்சுக்கோங்க, இந்த டூல போடறதுக்கு முன்னாடியும் அதையே செஞ்சுடுங்க, நான் பண்ணல. பிட்லாக்கர், அதாவது விண்டோஸோட டிஸ்க் பூட்டு, போட்ட லேப்டாப்னா ரெண்டுமே நடக்காது, 48 இலக்க ரெக்கவரி கீ வேணும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்றவங்க ஆன்லைன்லயே ரீசெட் பண்ணிக்கலாம், இந்தத் தலைவலி எதுக்கு. விண்டோஸ் 8, 10ல இந்த டூல போடறதுக்கு முன்னாடி ஷிஃப்ட் அமுக்கிட்டே ஷட்டவுன் கொடுங்க, இல்லன்னா சீக்கிரம் ஆன் ஆகறதுக்காக இருக்குற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னால விண்டோஸ் அரைத் தூக்கத்துலதான் இருக்கும், டிஸ்க்ல எழுத வராது.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். ஒண்ண குறைச்சது அந்த "என்"னுக்கு.

அப்புறம் நாலு நாள் கழிச்சு பல்லு விளக்கிட்டு இருக்கும்போது சம்பந்தமே இல்லாம அந்த பாஸ்வேர்ட் ஞாபகம் வந்துச்சு, என் முதல் மொபைல் நம்பரோட கடைசி ஆறு இலக்கம், பின்னாலேர்ந்து. லேப்டாப்ப ஆன் பண்ணி, கன்ட்ரோல் பேனல்ல அதையே மறுபடி பாஸ்வேர்டா செட் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி ப்ரவுசர திறந்தேன். லாகின் பாக்ஸ்ல எட்டு கறுப்பு புள்ளி.