மன்னார்குடியில் ஓர் அலுவலகக் கட்டடம்: வெயிலைத் தடுத்த பிறகே சூரியத் தகடு

மன்னார்குடியில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தளக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே மருந்து மொத்த வியாபாரம். மாடியில் தணிக்கையாளர் அலுவலகமும் காப்பீட்டு முகவர்களும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபின் பழுதுபார்க்கத் தொடங்கினோம். அப்போதே மின்செலவையும் குறைத்துவிடத் தீர்மானித்தோம். அதன்பின் பல கோடைகளைப் பார்த்தாகிவிட்டது; இனி இதைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம்.

எல்லோரும் முதலில் சூரிய மின்தகடுதான் வைக்கச் சொன்னார்கள். நான் மொட்டைமாடியில் தொடங்கினேன். கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மாலையில்தான் உள்ளே கக்கும். செங்கல்தூளும் சுண்ணாம்பும் கலந்து போட்ட, விரிசல் விட்ட பழைய சுருக்கித் தளத்தைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு பதித்தோம். செய்தவற்றில் இதற்கு ஈடான பலன் வேறெதிலும் இல்லை. முன்பு சித்திரை மாதத்தில் நாலு மணிக்குமேல் மாடியில் உட்காரவே முடியாது. இப்போது முகவர்கள் அந்த நேரத்தில் ஏசியை அணைத்துவிட்டு வேலை பார்க்கிறார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் ஓட்டில் பாசி படிந்துவிடும். ஆண்டுதோறும் தேய்த்துக் கழுவினால்தான் வெண்மை நிற்கும்.

மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு உள்ளே திரை போடுவதில் பெரிய பயனில்லை. கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் அறைக்குள் வந்துவிட்டதுதானே! மறைப்பு வெளியே இருக்க வேண்டும். முதலில் கட்டிய மூங்கில் தட்டி அழகாக இருந்தது, ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடித்து உளுத்தது. பிறகு வைத்த சுட்டமண் ஜாலி, அதாவது துளைகள் உள்ள தடுப்பு, அப்படியே நிற்கிறது.

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், மின்னணுக் கட்டுப்பாட்டில் சுழலும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகைக்கு 30 வாட் அளவு போதும். 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு 26 டிகிரியும் ஓடும் விசிறியும் தாராளமாகப் போதும். வியர்வையை உலர்த்துவது காற்றோட்டம்தான். செப்டம்பர் கடைசியில் இரவு வரை கணக்கு முடிக்கும் தணிக்கை அலுவலகத்துப் பிள்ளைகளே இதற்குச் சாட்சி.

உண்மையான முட்டுக்கட்டை தொழில்நுட்பத்தில் இல்லை. செலவு என்னுடையது, மீட்டரோ வாடகைதாரருடையது. பல உரிமையாளர்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பழைய, புதிய மின்கட்டண ரசீதுகளை எதிரே பரப்பி வைத்துப் பேசினோம். மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை வாடகையில் சேர்க்க அவர்கள் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டோம். இதை வேலை தொடங்குமுன்பே பேசிவிடுங்கள்.

சூரியத் தகடு கடைசியில்தான் வந்தது. தேவை ஏற்கெனவே சுருங்கியிருந்ததால் சிறிய அமைப்பே போதுமாயிற்று. புயல் பாதையில் இருக்கும் ஊர் என்பதால் தாங்கிகளைக் கான்கிரீட்டோடு இறுகப் பிணைக்கச் சொன்னேன். தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசியும் பதரும் படிந்தால் உற்பத்தி கண்கூடாகக் குறைகிறது. அப்போது அடிக்கடி கழுவ வேண்டும். இன்னொன்று: மின்வாரியத் தடத்தோடு இணைந்த, பேட்டரி இல்லாத அமைப்பு மின்வெட்டின்போது தானே நின்றுவிடும். தகட்டின் மின்சாரம் கம்பிக்குப் பாய்ந்துவிடாமல், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. தகடு வைத்தால் ஜெனரேட்டர் வேண்டாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அண்மையில் பழைய ஏசி ஒன்றைக் கழற்றினோம். அதிலிருந்த ஆர்-22 என்ற குளிர்விக்கும் வாயு, கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,800 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது; ஓசோன் படலத்தையும் அரிப்பது. குழாயைத் திறந்து காற்றில் விடுவதுதான் இங்கே வழக்கம். நான் விடவில்லை. அதைச் சிலிண்டரில் இறக்கி எடுத்துக்கொள்ளும் மெக்கானிக்கைத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்தேன்.