200 மணி நேரத்தின் பச்சைக் கோடு

நின்டெண்டோவின் ஸெல்டா வீடியோ கேம் வரிசையில் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' 2017 மார்ச்சில் வெளியானது. நான் வாங்கியது அடுத்த ஆண்டு. வீடு உறங்கிய பிறகு அரை மணி, முக்கால் மணி என்று ஆடி ஆடி, இன்றுவரை அதைக் கையிலிருந்து இறக்கி வைக்கவில்லை. பின்னால் தனியாக வாங்கிய கூடுதல் தொகுப்பில் 'ஹீரோஸ் பாத்' என்றொரு வசதி உண்டு. கடைசி 200 மணி நேரத்தில் நாம் நடந்த தடம் முழுவதையும் வரைபடத்தின் மேல் பச்சைக் கோடாக இழுத்துக் காட்டும். செத்து விழுந்த இடங்களில் பெருக்கல் குறி. என் கோட்டைப் பார்த்தால் கள்ளுக்கடையிலிருந்து வீடு திரும்பியவனின் தடம் போலிருக்கிறது. ஒரு கோபுரத்தை நோக்கிப் புறப்பட்டிருக்கிறேன். பாதியில் திரும்பி ஒரு குளத்தைச் சுற்றியிருக்கிறேன். பிறகு ஏதோ ஒரு மலையில் ஏறியிருக்கிறேன். கோபுரத்துக்கு அன்று போய்ச் சேரவே இல்லை.

இப்படி வழி தவற வைப்பதற்குத்தான் இந்த உலகத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்பது புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. அதற்கு முன் நான் ஆடிய ஓப்பன் வேர்ல்ட் விளையாட்டுகளில், அதாவது இஷ்டப்படி எங்கும் சுற்றவிடும் விளையாட்டுகளில், கோபுரம் ஏறினால் வரைபடம் முழுக்கக் குறிகள் முளைக்கும். பிறகு ரேஷன் கடைச் சாமான் பட்டியல் மாதிரி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். 'விட்சர் 3' கதைகளுக்காக நான் கும்பிடும் விளையாட்டு. அதிலேயே ஸ்கெலிகே என்னும் தீவுக் கூட்டத்தின் கடலில் மிதக்கும் கேள்விக்குறிகளுக்காகப் படகு ஓட்டிக் களைத்து, பாதியில் விட்டேன்.

இங்கேயும் கோபுரங்கள் இருக்கின்றன. ஏறினால் அந்தப் பகுதியின் நில அமைப்பும் இடப்பெயர்களும் தெரியும். சுற்றிலும் என்னென்ன கிடக்கிறது என்று சொல்லாது. உச்சியில் நின்று நம் கண்ணால் பார்த்து, தூரத்தில் மினுங்குவது எதுவோ அதற்கு நாமே குறி வைத்துக்கொள்ள வேண்டும். கிளம்பினால் நடுவில் ஒரு குன்று மறைக்கும். அதைச் சுற்றிப் போனால் அதன் பின்னாலிருந்து வேறொன்று எட்டிப் பார்க்கும். இது தற்செயல் இல்லை. மலைகளையும் பாறைகளையும் முக்கோண வடிவில் வைத்தால் ஆள் ஏறுவதா, சுற்றுவதா என்று யோசிப்பார், மறைந்திருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும் என்று 2017இல் ஜப்பானில் நடந்த மாநாட்டில் இதை உருவாக்கியவர்களே விளக்கினார்கள். இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷி தன் ஊரான கியோட்டோவின் வரைபடத்தை இந்த விளையாட்டின் நாடான ஹைரூல் மேல் வைத்துத் தூரங்களைக் கணக்கிட்டிருக்கிறார். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு நடக்க எவ்வளவு நேரமாகும் என்று காலுக்குத் தெரிந்த ஊர் அல்லவா?

இன்னொரு பலம், பொருள்களின் குணம். தீ புல்லைப் பற்றும். பற்றினால் அனல்காற்று மேலே கிளம்பும். அதில் பாராகிளைடர் என்னும் பறக்கும் துணியை விரித்தால் ஆளைத் தூக்கும். இடி மழையில் இரும்பு வாளைப் பிடித்து நின்றால் மின்னல் நம் மேல்தான் விழும். எரிமலைச் சரிவில் இறைச்சியைக் கீழே போட்டால் தானாக வெந்துவிடும். இவை எதையும் பாடமாக நடத்துவதில்லை. ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டால் எல்லா இடத்திலும் அதே விதி செல்லும் என்பதால் மறு இரவு புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் தோன்றும்.

தென்கிழக்குக் கடலில் ஈவன்டைட் என்றொரு தீவு. தெம்பு தீராமலிருக்க ஸ்டாமினா மருந்துகளைக் குடித்துக்கொண்டே மலை முனையிலிருந்து பறந்து போய் இறங்கினேன். இறங்கியதும் வாள், வில், உடை, உணவு அத்தனையும் பிடுங்கிக்கொண்டார்கள். அறுபது மணி நேரம் சேர்த்த செல்வம்! மரக்கிளையும் காளானுமாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். (காரியம் முடிந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிடும்; அப்போது எனக்கு அது தெரியாது.) என் பெருக்கல் குறிகள் நெருக்கமாக விழுந்திருக்கும் இடங்களில் அந்தத் தீவும் ஒன்று.

குறை இல்லாமல் இல்லை. ஷ்ரைன் எனப்படும் 120 சோதனைக் கூடங்களும் உள்ளே ஒரே சுவர், ஒரே நீல வெளிச்சம். அவற்றில் சண்டைச் சோதனை வைப்பவற்றை இப்போதெல்லாம் கொட்டாவி விட்டபடியே முடிக்கிறேன். எதிரிகளின் வகையும் சொற்பம். ஆயுதங்கள் உடைவதைப் பலர் திட்டுவார்கள். என்னை அது உறுத்தவில்லை. ஆனால் அதனால் புதையல் பெட்டியின் மேல் ஆசை போய்விடுகிறது. திறந்தால் இன்னொரு வாள்; பையில் இடமில்லை; நாம் ஆட்டுவிக்கும் நாயகன் லிங்க் அதைத் திரும்ப உள்ளேயே வைத்துவிடுவான். மழை தனிக் கதை. ஜோரா என்னும் நீர்வாழ் மக்களின் ஊருக்குப் போகும் வழியில் ஓயாமல் மழை பெய்வது, நம்மை மலையேற விடாமல் ஆற்றங்கரைப் பாதையிலேயே கூட்டிப் போவதற்கு. அது கெட்டிக்காரத்தனம். மற்ற இடங்களில் உச்சிக்கு இரண்டு முழம் இருக்கும்போது தூறத் தொடங்கினால் பாறைக்கடியில் ஒதுங்கிச் சும்மா நிற்க வேண்டும்.

உலகம் முழுக்க ஒளிந்திருக்கும் கோராக் என்னும் குட்டி வன ஆவிகளைக் கண்டுபிடித்தால் ஆளுக்கொரு விதை தரும். அந்தக் கோராக் விதைகள் 900. பைகளை முழுதாகப் பெரிதாக்க 441 போதும்; மீதி 459 எதற்கும் ஆகாது. எல்லாவற்றையும் சேர்த்தால் கிடைக்கும் பரிசு சாணி வடிவத்தில் ஒரு தங்கக் கட்டி. மூன்றாம் ஆண்டில் அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. கோராக் பக்கத்தில் இருந்தால் ஆடும் முகமூடியை மாட்டிக்கொண்டு, வேறொருவர் தொகுத்த படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, மூன்று வாரம் வேட்டை. அந்த நாட்களின் பச்சைக் கோடு மட்டும் நேராக, வரிவரியாக, வயலில் உழுத சால் போலிருந்தது. ஆடியதில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை. 612இல் நிறுத்தினேன். தற்செயலாக ஒரு கல்லைத் தூக்கியபோது அடியிலிருந்து குதித்த முதல் கோராக்கின் இடம் மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

போன கோடை விடுமுறையில் மகள் அதே கருவியில் தன் பெயரில் தொடங்கினாள். எதையும் சொல்லித்தரக் கூடாது என்று உறுதியெடுத்து, காபி டம்ளருடன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பீடபூமியைத் தாண்டியதும் எல்லோரையும் ககாரிகோ கிராமத்துக்குப் போகச் சொல்வார்கள். அவள் அரண்மனையைப் பார்த்தாள், நேரே அதை நோக்கி நடந்தாள். விளையாட்டு தடுக்கவில்லை, கார்டியன் என்னும் காவல் இயந்திரம் ஒன்று சுட்டுத் தள்ளியது. மறுபடி போனாள். நேற்று அவள் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அரண்மனை வாசல் வயலில் பதினொரு பெருக்கல் குறிகள். ககாரிகோ பக்கம் இன்னும் ஒரு கோடுகூடப் போகவில்லை. லாயத்தில் ஐந்து குதிரைகள் நிற்கின்றன.