மலையில் ஒளிந்த வானொலி, ஊர் நடுவே நின்ற வானொலி

பிரான்ஸின் உரிமம் இல்லாத வானொலிகளைப் பற்றி இதழியல் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நிலையத்தைத்தான் விரிவாகச் சொல்ல முடியும். கடைசியில் மிஞ்சியவை இரண்டு: ஜெர்மன் எல்லையோரப் பகுதியான அல்சாஸின் ரேடியோ வெர்ட் ஃபெசென்ஹைம், லோங்வி நகரின் லொரேன் கர் தாசியே. நான் லோங்வியை எடுத்தேன்.

அப்போது ஒலிபரப்பு அரசின் ஏகபோகமாக இருந்தது, மீறினால் 1978 சட்டப்படி சிறை. இது இரண்டுக்கும் பொது.

ஃபெசென்ஹைம் 1977 ஜூனில் அணுமின் நிலைய எதிர்ப்பாளர்கள் தொடங்கியது. டிரான்ஸ்மிட்டரை மலைக்காட்டுக்குச் சுமந்துபோய், கால் மணி நேரம் ஒலிபரப்பி, போலீஸ் மோப்பம் பிடிப்பதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், அல்சாசியம் என மூன்று மொழிகள். அல்சாசியம் எனக்குப் புரியாது. அந்தப் பேச்சின் ருசியைப் பற்றி நான் தீர்ப்பு சொன்னால் செல்லாது.

என்னைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: டிரான்ஸ்மிட்டரை யார் காப்பது? ஃபெசென்ஹைமைக் காத்தது ஓட்டம். ஓடுகிறவரிடம் நேயர் பதில் பேச முடியாது. லோங்வியில் எஃகு ஆலை ஆட்குறைப்பை எதிர்த்து 1979 மார்ச்சில் சேஜேதே தொழிற்சங்கம் தொடங்கிய நிலையம் ஒளியவே இல்லை. பழைய நகர மன்றக் கட்டடத்தில் ஸ்டூடியோ, தேவாலயக் கோபுரத்தில் ஆன்டெனா. போலீஸ் வந்தால் மணி அடிக்கும், ஊர் திரண்டுவிடும். ஒளிய வேண்டியதில்லை என்பதால் கதவும் திறந்தே கிடந்தது. மார்செல் த்ரியா, ஜாக் துபோன் என்ற இரு பத்திரிகையாளர்கள் மைக்கை ஊருக்கே விட்டுவிட்டார்கள். ஆலைத் தொழிலாளி, அவர் மனைவி, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பேசலாம். போனில் கூப்பிட்டவரின் குரல் நேராகக் காற்றில் ஏறியது. சங்கத்தைத் திட்டியவர்களும் பேசினார்கள்.

வினையும் அங்கேதான். பணம் சங்கத்துடையது. 1980-இல் அந்தப் பத்திரிகையாளர்களைச் சங்கமே விலக்கியது. பழைய வானொலி அதோடு போயிற்று. முதலாளி இல்லாத ஃபெசென்ஹைமோ ரேடியோ ட்ரையெக்லாண்ட் ஆகி, எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் 1988-இல் உரிமமே வாங்கிவிட்டது.

“சங்கத்துக்காரங்க வந்தப்பவும் மணி அடிச்சிருக்கலாமே சார்?” என்றாள் கடைசி பெஞ்சு மாணவி. அடுத்த வகுப்பில் ஃபெசென்ஹைமுக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும்.