7,500 ரூபாய் மிஷினா, 36,000 ரூபாய் மிஷினா: ஒரு ரிப்பேர் கணக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் தென்னை தரையில் கிடந்தது. விழுந்ததை அறுத்து அப்புறப்படுத்தினால்தான் அடுத்த கன்று வைக்க முடியும். ஆனால் ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது அறுக்கிற ஆளுக்கு எங்கே போவது? அந்தத் தை மாதம் வாங்கியதுதான் என்னுடைய முதல் மரம் அறுக்கும் மிஷின். மேலே 58 சி.சி. என்று ஸ்டிக்கர், செயின் சுற்றி ஓடும் தகடான பார் 22 அங்குலம், கேள்விப்படாத ஒரு பெயர். விலை 7,500 ரூபாய்.

தோப்பு வேலை முடிந்த பிறகு மச்சான்கள் இரண்டு பேரோடு சேர்ந்து வெளி வேலைக்கும் போக ஆரம்பித்தேன். 2021 நடுவில் பழைய மிஷினை ஓரம் கட்டிவிட்டு, ஜெர்மன் கம்பெனியான ஸ்டில்லின் எம்.எஸ். 250 வாங்கினேன். அது 36,000. அன்றிலிருந்து, "அவ்வளவு காசு போட்டது தகுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. தகும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம், கேட்பவர்கள் எதிர்பார்க்கும் காரணமாக இருப்பதில்லை.

முதலில் எல்லாரும் கேட்கிற வேகத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். செயின் கூராக இருந்தால் இரண்டுமே தென்னையை அறுக்கும். மொக்கைச் செயின் போட்ட ஸ்டில்லைவிட, அரம் போட்டுக் கூர் தீட்டிய மலிவு மிஷின் வேகமாக அறுக்கும். எம்.எஸ். 250 வெறும் 45.4 சி.சி. தான், எடை 4.6 கிலோ. ஸ்டிக்கரில் பெரிய நம்பர் போட்ட பழைய மிஷினோடு சக்தியில் பெரிய தூரம் எனக்குத் தெரியவில்லை. அதிர்வு மட்டும் நன்றாகவே குறைவு. பழைய மிஷினைப் பிடித்த நாளில் சாயங்காலம் டீ டம்ளரைப் பிடித்தால் விரல் மரத்துப்போயிருக்கும். இப்போது அது இல்லை.

தென்னை எந்த மிஷினுக்கும் சோதனைதான். வெளி வட்டம் இரும்பு மாதிரி, நடுவில் பஞ்சு. அறுக்கும்போது மரத்தூள் மாதிரி உதிராமல் நார் நாராக வந்து, செயினைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் போய் ஆயிலோடு சேர்ந்து களிம்பு போல அடைத்துக்கொள்ளும். பாரில் ஆயில் இறங்கும் சின்னத் துளை முதலில் அடையும். அது அடைந்தால் செயின் நீலம் பாய்ந்துவிடும். பைக் கிளட்ச் கேபிளில் ஒரு இழையைப் பிரித்து வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது துளைக்குள் விட்டு இரண்டு இழுப்பு. அப்புறம் மிஷினை ஓட்டி, பார் நுனியைக் காய்ந்த மட்டைக்கு நேராகக் காட்டினால் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் வேலையைத் தொடக்கூடாது. பைக் கடையில் வடித்த கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். அதிலிருக்கும் இரும்புப் பொடி ஆயில் பம்பைத் தின்றுவிடும். இதெல்லாம் இரண்டு மிஷினுக்கும் பொது.

வித்தியாசம் ரிப்பேர் கடையில்தான் தெரிந்தது.

பழைய மிஷின் வாங்கி ஏழெட்டு மாதத்தில் ஒரு மாதிரி ஓட ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் உடனே இறங்காது. கீச்சென்று கொஞ்ச நேரம் ஏறியே நிற்கும். நல்ல வேகத்தில் ஓடுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் வேம்பு அறுத்துக்கொண்டிருக்கும்போது அப்படியே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் வரவில்லை.

பட்டுக்கோட்டை மெக்கானிக் அண்ணன் பிளக்கைக்கூடத் தொடவில்லை. முதலில் சைலன்சரைக் கழற்றினார். இரண்டே போல்ட். உள்ளே சுண்டுவிரல் நுழைகிற வாசலில் டார்ச் அடித்து, "தம்பி, குனிஞ்சு பாரு" என்றார். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, தேங்காய்த் துருவியில் உரசினது போல. "ஆயில் கலக்காம ஓட்டினியா?"

"இல்லண்ணே, லிட்டருக்கு 40 மில்லி அளந்துதான் ஊத்துறேன்."

அவர் நம்பினார். காரணத்தையும் காட்டினார். பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் தண்டான கிராங்கின் ஓரத்தில், காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு உயவே பெட்ரோலோடு வரும் ஆயில்தான். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும். அதோடு ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் உரசும். சத்தம் இறங்காமல் நின்றது வேகம் இல்லை. அது காற்று கசிகிறது என்ற எச்சரிக்கை.

சிலிண்டர் பிஸ்டன் செட் 1,400, கூலி 400. மலிவு மிஷினுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: கழற்றி மாட்ட அது சுலபம். இந்த வகை மிஷின்கள் பெரும்பாலும் ஜப்பானின் ஜெனோவா கம்பெனி மாடலைப் பார்த்துச் செய்தவை. அமைப்பு நல்ல அமைப்பு. நாலு ஆலன் போல்ட்டைக் கழற்றினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். சாமானும் எந்த ஊரிலும் கிடைக்கும். புது செட் போட்டதும் ஜம்மென்று ஓடியது. பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் மறுபடி அதே கோடு.

இந்த முறை அண்ணன் கிராங்கைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். பேரிங்கில் ஆட்டம் வந்துவிட்டது. பேரிங் ஆடினால் எத்தனை புது சீல் போட்டாலும் கசியும். சீல் கசிந்தால் எத்தனை புது பிஸ்டன் போட்டாலும் உரசும். எல்லாவற்றையும் மாற்றினால் புது மிஷின் விலை ஆகிவிடும். நாங்கள் பாதியை மாற்றினோம். அப்படித்தான் எல்லாரும் செய்கிறோம். அதனால்தான் அந்த மிஷின் மாதம் மாதம் கடையில் உட்கார்ந்தது.

அதே விபத்து ஸ்டில்லுக்கும் நடந்தது. தப்பு எங்களுடையது. அக்காள் மகன், அவசரத்தில் பைக்குக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோல் கேனை எடுத்து டேங்கில் ஊற்றிவிட்டான். பத்து நிமிடம்கூட ஓடவில்லை. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் அதே கோடுகள். இந்த மிஷினைத் திறப்பது லேசு இல்லை. போல்ட் எல்லாம் நட்சத்திரத் தலை. டி-27 டார்க்ஸ் கீ இல்லாமல் ஒன்றும் நகராது. சிலிண்டர் மட்டும் தனியாக வராது; பிளாஸ்டிக் உடம்புக்குள் இருந்து என்ஜினையே வெளியே எடுத்து, அடித்தட்டைப் பிரித்து, திரும்பப் பசை வைத்து மூட வேண்டும். கூலி 1,500.

சாமானுக்கு இரண்டு வழி இருந்தது. அதே அளவில் போலி செட் 1,800-க்குக் கடையிலேயே இருந்தது. ஒரிஜினல் 7,200, அதுவும் வரவழைக்க வேண்டும். நான் போலிப் பக்கம் சாய்ந்தபோது அண்ணன் போலி சிலிண்டருக்குள் என் விரலை விட்டுத் தடவச் சொன்னார். புகை வெளியேறும் வாசலின் விளிம்பு பிளேடு போல வெட்டியது. பழைய ஒரிஜினலில் அதே இடம் மழுங்க இழைத்திருந்தது. பிஸ்டன் ரிங் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பைக் கடந்துதான் போகிறது. கூர் விளிம்பில் ஒருநாள் மாட்டினால் ரிங் உடைந்து சிலிண்டரையே கிழித்துவிடும். உட்பூச்சும் அப்படித்தான், போலியில் வாசல் ஓரத்தில் உரிய ஆரம்பிக்கும்.

ஒன்பது நாள் காத்திருந்து ஒரிஜினல் போட்டோம். கிராங்க், பேரிங், சீல் எதிலும் தளர்ச்சி இல்லை என்று பார்த்துத்தான் மூடினார். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் கட்சிக்கு இதுதான் ஆதாரம். இரண்டு மிஷினும் கெட்டுப்போகும். ஒன்று ரிப்பேருக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. இன்னொன்று அடுத்த ரிப்பேர் வரைக்கும் ஓடுகிறது.

இப்போது ரூபாய். நோட்டில் எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன். பழைய மிஷின் இரண்டரை வருடம்: விலை 7,500, ரிப்பேர் 10,150, கடைசியில் உதிரிக்காகக் கடைக்காரர் கொடுத்தது 600. வருடத்துக்கு ஏறக்குறைய 6,800. ஸ்டில் நான்கு வருடம்: விலை 36,000, ரிப்பேர் 12,500, போன மாதம் ஒருவர் கேட்ட விலை 17,000. வருடத்துக்கு 7,900 கிட்ட வருகிறது. அதாவது, வெறும் மிஷின் கணக்கில் மலிவு மிஷின்தான் கொஞ்சம் லாபம்! இதைக் கூட்டிப் பார்த்த அன்று எனக்கே சங்கடமாக இருந்தது.

ஆனால் வேலை நின்ற நாட்களை அதே நோட்டில் எழுதியிருந்தேன். பழையது 17 நாள். புதியது 11 நாள், அதில் ஒன்பது அந்த சிலிண்டருக்காக. ஒரு நாள் நின்றால் எங்கள் மூன்று பேர் சம்பளம் 3,000 போகும். அந்தக் கணக்கில் பழைய மிஷின் வருடத்துக்கு 20,000-க்கு மேல் தின்றிருக்கிறது. புதியது 8,000 சொச்சம். போதாததற்கு, ஒத்துக்கொண்ட தேதியில் போகாவிட்டால் அடுத்த தோப்புக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

ஆகவே, மிஷின் நின்றால் உங்களுக்குக் கூலி நஷ்டம் உண்டா என்பதுதான் கேள்வி. இரண்டு ஏக்கர் தோப்பு, பட்டுப்போன மரம் வருடத்துக்கு நாலைந்து, வீட்டு விறகு, அவ்வளவுதான் என்றால் 36,000 போடாதீர்கள். மலிவு மிஷின் நின்றால் அடுத்த வாரம் அறுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் எங்களைப் போல ஒரு செட்டைக் கூப்பிட்டுவிடுங்கள், இன்னும் மிச்சம். வருடத்துக்கு முப்பது நாற்பது நாளாவது கூலிக்கு ஓடும் என்றால் மட்டும் விலை கூடிய மிஷின். அந்த முப்பது நாற்பது என் அனுபவத்தில் வந்த எண். புளியும் வாகையும் மட்டுமே அறுப்பவருக்கு அது குறையலாம்.

பெட்ரோலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலை உயர்ந்த மிஷின் வைத்திருப்பவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லாமல் மிஷின் இரண்டு மாதம் தூங்கும். டெல்டாவின் ஈரக் காற்றும் சேர்ந்தால் கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் விறைத்துவிடும். தையில் எடுத்து இழுத்தால் தோள்தான் வலிக்கும். நான் டயாஃப்ரம் மாற்றிய இரண்டு முறையும் இப்படித்தான். இப்போது அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கிறேன். மழைக்கு முன் டேங்கைக் கவிழ்த்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட்டி வைக்கிறேன். ஆயில் அளவிலும் குழப்பம் வேண்டாம்: ஸ்டில் கம்பெனி ஆயில் என்றால் ஐம்பதுக்கு ஒன்று, லிட்டருக்கு 20 மில்லி. வேறு டூ-டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று, 40 மில்லி. வெறும் பெட்ரோல் கேனில் இப்போது சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு பெரிய கம்பெனியான ஹஸ்க்வர்னாவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒரத்தநாட்டு நண்பர் ஒருவரின் 365-ஐ இரண்டு நாள் பிடித்து அறுத்திருக்கிறேன். கனமான மரத்தில் என் மிஷினைவிட அது ஒரு படி மேல், சந்தேகமில்லை. சிலிண்டரும் தனியாகக் கழன்று வரும். இரண்டு நாள் பழக்கத்தை வைத்து ரிப்பேர் கணக்கு சொல்வது சரியாக இருக்காது. எது வாங்கினாலும், சாமான் கொடுக்கும் கடை உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பேட்டரி மிஷினில் மட்டை கழித்துப் பார்த்தேன், இதமாக இருந்தது. நாள் முழுக்கத் தென்னை அறுத்துப் பார்த்ததில்லை.

36,000 இல்லை, ஆனால் கூலிக்குத்தான் ஓட்டப் போகிறேன் என்றால், பாதி விலைக்குப் பழைய நல்ல மிஷின் தேடுங்கள். மலிவில் புதிது வாங்குவதைவிட அது மேல். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்க்க விடாத ஆளிடம் வாங்காதீர்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். நின்று நின்று, படி இறங்குவது போல இறங்கினால் அமுக்கம் இருக்கிறது. சரசரவென்று இறங்கினால் பிஸ்டன் செலவு காத்திருக்கிறது. ஓட்டி, ஆக்சிலேட்டரை விட்டவுடன் சத்தம் இறங்குகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கடைசியாக உடம்பில் பொறித்திருக்கும் சீரியல் நம்பர். ஸ்டில்லில் ஒன்பது இலக்கம். அந்த இடம் அரம் போட்டுத் தேய்ந்திருந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் மிஷினை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.