என் ரிப்போர்ட்டை மாமா வாங்கிட்டுப் போயாச்சு

அமெரிக்காவிலிருந்து வந்து ஏழு வாரம் ஊரில் இருந்தேன். திருவனந்தபுரத்தில் இறங்கியது, களியக்காவிளை நெரிசல், பேங்க் கேஒய்சி, பட்டா வேலை எல்லாம் எப்படியோ நடந்து முடிந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன். தக்கலைப் பக்கம் எங்கள் ஜங்ஷன் லேபில் நடந்த பத்து நிமிஷத்தை மட்டும் எழுதாமல் தூக்கம் வராது.

காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்தேன். "பதினோரு மணிக்கு வாங்க அக்கா" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். மூன்று மணி நேரத்தில் ரிப்போர்ட்! ஊரை மனதுக்குள் மெச்சிக்கொண்டே பதினொன்றே காலுக்குப் போய் நின்றேன்.

"உங்க ரிப்போர்ட்டா அக்கா? அத உங்க மாமா அப்பமே வாங்கிட்டுப் போயாச்சே."

"எந்த மாமா?"

"சைக்கிள்ல வருவாவளே, கணக்கு சார்."

"அவர்கிட்ட ஏன் கொடுத்தீங்க?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. "அவ்வோ கேட்டாவ, கொடுத்தேன். உங்க சொந்த மாமாதானே?" பின்னால் நின்ற ஒருவர், "சார் பேங்க் பக்கமாத்தான் போனாரு" என்று கூடுதல் தகவல் தந்தார். பெஞ்சில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு என்ன பிள்ளே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நியூ ஜெர்சியில் என் கணவர் ஒருமுறை எனக்குப் பதிலாக டாக்டர் ஆபீசில் போய் ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டார். என் கையெழுத்துப் போட்ட ஃபாரம் இல்லாமல் தர மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம் என்றார்கள். இருபத்தைந்து வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவருக்கே அங்கே இடமில்லை. இங்கே சைக்கிளில் வந்தவர் கேட்டதும் என் ரத்தத்தின் கதையை மடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஒன்பது வருஷமாக நான் ஊரில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. எனக்கு மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே நரம்பைச் சுற்றியிருக்கும் உறையைத் தின்னும் வியாதி. கரண்டு வயரின் மேல்தோல் உரிந்தால் என்ன ஆகுமோ அது. 2014-ல் இடது கண்ணில் பார்வை மங்கியது. மறு வருஷம் பெயர் வைத்தார்கள். அம்மாவிடம் மட்டும் "எம்.எஸ்." என்று சொல்லியிருந்தேன். அம்மா அதை அமெரிக்காவில் நான் வாங்கிய பட்டம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருக்கிறார்.

மே மாத வெயிலில் ஜங்ஷனிலிருந்து வீட்டுக்கு நடந்தேன். அது தப்பு. சூடு ஏறினால் பழைய பாதிப்புகள் தற்காலிகமாகத் தலைதூக்கும், உடம்பை வருத்தினால் பார்வை மங்குவதை ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே எழுதி வைத்திருக்கிறார். கால் இரண்டும் வெந்த மரச்சீனி மாதிரி ஆகி, இடது கண்ணில் புகை படிந்து, கோபமும் சேர்ந்து, வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஜெபக் கூட்டத்து அக்காமார் மூன்று பேர் பைபிளோடு வந்தார்கள். அவர்கள் போன பிறகு மேலத்தெரு மாமி, மண்டைக்காட்டம்மனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார். இரண்டு தரப்புக்கும் கிடைத்திருந்த செய்தி ஒன்றே: "தலையில என்னவோ கட்டியாம்."

மாமா வந்தது அதற்கும் பிறகு. ஒரு சீப்பு மட்டிப்பழமும் என் ரிப்போர்ட்டும் கையில். ரிப்போர்ட்டின் பின்புறம் பென்சிலில் ஒரு பெருக்கல்.

"மக்களே, வெள்ளை அணு மொத்தம் 4,100. அதுல லிம்போசைட் 11 சதவீதம். அப்பம் 451 தானே? தடிச்ச எழுத்துல போட்டிருக்கானேன்னு பாத்தேன். நாகர்கோவில் நரம்பு டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், என்கிட்ட படிச்ச பயதான். நாளைக்குச் சாயங்காலம் போறோம், கேட்டியா."

கத்துவதற்குத் தயாராக இருந்தவள் அந்தப் பெருக்கலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். காரணம் இருக்கிறது.

நான் சாப்பிடுவது டைமெத்தில் ஃபியூமரேட், 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேப்ஸ்யூல். சிலருக்கு அது ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணு வகையை இறக்கும். மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் மருந்தை நிறுத்துவதை யோசிக்க வேண்டும் என்பது விதி. அப்படியே விட்டால் பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று வரலாம். அரிது, ஆனால் வந்தால் ஆளை முடக்கும், கொல்லவும் செய்யும். அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனை. எங்கள் லேப் சதவீதம் மட்டும் அச்சடிக்கும், பெருக்கிப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. அமெரிக்க ரிப்போர்ட்டில் பெருக்கித்தான் வரும். அன்று இரவே என் நோயாளி போர்ட்டலைத் திறந்து பார்த்தேன். அங்கே ஆயிரக் கணக்கில் போடுவார்கள். போன வருஷம் 0.7, அதாவது 700. இந்த ஜனவரியில் 0.52, அதாவது 520. பக்கத்தில் சின்னதாக, "குறைவு". அவ்வளவுதான். யாரும் போன் செய்யவில்லை. பாஸ்வேர்டு போட்டு, செல்போனுக்கு வந்த நம்பரையும் போட்டுத் திறக்கிற பெட்டிக்குள் என் ரகசியம் பத்திரமாக, யாரும் பார்க்காமல் இருந்திருக்கிறது, நான் உட்பட.

அந்த மருந்துக்கு நான் வந்து சேர்ந்த கதையும் சொல்ல வேண்டும். அங்கே டாக்டர் எழுதினால் மட்டும் மருந்து வராது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் அது எந்தப் படியில் இருக்கிறது என்று பார்த்து, முன் அனுமதி வாங்கி, பிறகுதான். பல எம்.எஸ். மருந்துகளின் பட்டியல் விலை ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும் என்பதால் கம்பெனிக்கும் ஒரு நியாயம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதன் முறை இது: முதலில் பழைய ஊசி, அதில் தோற்றால் மாத்திரை, அதிலும் தோற்றால் இன்ஃப்யூஷன். இந்த வியாதியில் தோற்பது என்றால் மூளையில் இன்னொரு வடு. 2018-ல் எனக்குப் புது வடு தெரிந்தபோது என் டாக்டர் ஓக்ரலிசுமாப் கேட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப் ஏற்றுவது. அதற்கு முந்தைய வருஷம்தான் அனுமதி கிடைத்திருந்தது. கம்பெனி, முதலில் மாத்திரை என்றது. இரண்டு முறை மேல்முறையீடு செய்து களைத்துப்போய் மாத்திரைக்குச் சம்மதித்தேன். பயணத்துக்குக் கூடுதலாக ஒரு மாத மாத்திரை வாங்க நான் செய்த போன்களை எழுதினால் அது தனி ராமாயணம்.

நாகர்கோவில் டாக்டர் வீட்டுத் திண்ணையில் எங்கள் டோக்கன் 31. சின்ன வயதில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பாட்டிலும் கையுமாகப் போய் மிக்சர் வாங்கி வந்த ஞாபகம் வந்தது. அதே கொசு, அதே ஸ்டீல் பெஞ்சு. இரவு பத்தேகாலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் எழுந்து நின்று மாமாவை வணங்கினார். பிறகு மாமாவைப் பார்த்தே பேசத் தொடங்கினார். "சார், இவங்களுக்கு மூணு வழி இருக்கு…"

"டாக்டர், வியாதி எனக்கு" என்றேன்.

சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பினார். அடுத்த இருபத்தைந்து நிமிஷத்தை ஒன்பது வருஷத்தில் எந்த இன்சூரன்ஸ் நெட்வொர்க் டாக்டரும் எனக்குத் தந்ததில்லை.

ஒரு தடவை 451 வந்ததற்காகப் பயந்து நிறுத்த வேண்டாம், நாலு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார். ஆனால் 52 வயதில், இப்படி இறங்கிக்கொண்டே வரும்போது, ஆறு மாதம் முழுக்க நான் காத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். பழைய ஊசி கிளாட்டிரமரை மறுபடி போடலாம். தொற்றுப் பயம் பெரிதாக இல்லை, வேகமும் இல்லை, அதைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் 2018-ல் வடு வந்தது. ஓக்ரலிசுமாப் வலுவானது. ஆனால் அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பார்க்க வேண்டும், நம் ஊர் மண்ணில் பிறந்தவருக்குக் காசநோயும் பார்ப்பது நல்லது, தடுப்பூசிகளை முன்னாலேயே போட்டு முடிக்க வேண்டும். மருந்து ஏறின பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது. இங்கே பலருக்கு ரிட்டுக்சிமாப் ஏற்றுகிறார்கள், எம்.எஸ்.ஸுக்கென்று அனுமதி பெற்றதல்ல, ஓக்ரலிசுமாப் மாதிரியே பி செல் என்ற லிம்போசைட் வகையை அழிப்பது, 2007 முதல் இந்தியாவிலேயே தயாரிக்கிறார்கள், விலை தாங்கும். விலையை அவரே, நான் கேட்கும் முன், ரூபாயில் சொன்னார். நியூ ஜெர்சியில் விலை சொன்ன டாக்டரை நான் பார்த்ததில்லை.

மாமா குறுக்கே விழுந்தார். "ஒண்ணும் போடாம இருந்தா என்னடே?"

முட்டாள்தனமான கேள்வி என்று நினைத்தேன். டாக்டர் அப்படி நினைக்கவில்லை. 55 வயது ஆகி, பல வருஷம் தாக்குதல் இல்லாதவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2023-ல் வந்ததாம். நிறுத்துவது தொடர்வதற்கு ஈடு என்று நிரூபிக்க முடியவில்லை. "இவங்களுக்கு அந்த வயசும் ஆகலை சார்."

பிறகு என்னிடம் கேட்டார்: "உங்களுக்கு எதுல பயம் ஜாஸ்தி? நடக்க முடியாமப் போறதுலயா, தொற்று வாறதுலயா?"

யாரும் கேட்காத கேள்வி. "கண்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது, மாமா முன்னால், வெட்கமாக இருந்தது. நட்டலிசுமாப் என்ற மருந்தின் கதையை அப்போது சொன்னார். பி.எம்.எல். வந்ததால் 2005-ல் அதைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். மறு வருஷம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ.வின் விசாரணையில் நோயாளிகளே போய், ஆபத்து தெரிந்தேதான் கேட்கிறோம் என்று சொன்னார்கள். கடும் கண்காணிப்போடு திரும்பி வந்தது. "எடை போட வேண்டியது நீங்க. நான் கல்லை எடுத்து வைக்கலாம், சாரும் வைக்கலாம்." மாமா தலையாட்டினார், தன்னைத்தான் சொல்கிறார் என்பதுபோல.

நான் ஓக்ரலிசுமாப் பக்கம் சாய்ந்தேன். நியூ ஜெர்சி டாக்டருக்குப் போர்ட்டலில் எழுதினேன். மூன்றாம் நாள் நர்ஸ் பதில் போட்டார்: சோதனையைத் திரும்பச் செய்யவும். அதுதான் நாகர்கோவில் திண்ணையிலும் சொன்னது.

நாலு வாரம் கழித்து அதே லேப். இந்த முறை சீட்டிலேயே எழுத வைத்தேன், "நோயாளியிடம் மட்டும் தரவும்" என்று. சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டாள். பதினோரு மணிக்குப் போனேன். கவுண்டரில் வேறு பெண். சீட்டைப் படித்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஐடி கார்டு இருக்கா அக்கா?"

பாஸ்போர்ட் வீட்டில் அலமாரியில். அமெரிக்க டிரைவிங் லைசென்சை நீட்டினேன். புரட்டிப் பார்த்து, "இதுல அப்பா பேரு இல்லையே" என்று திருப்பித் தந்தாள். வெளியே வெயில். திரும்ப நடக்கக் கால் வராது. வேறு வழியில்லாமல் மாமாவுக்குப் போன் செய்தேன். பத்து நிமிஷத்தில் சைக்கிள் வந்தது.

"இது என் மருமவதான் மக்களே, கொடு."

கொடுத்தாள், அவர் கையில். மொத்தம் 4,200, லிம்போசைட் 11. நான் கேட்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கவுண்டரிலேயே வைத்துப் பெருக்கினார். 462.

இன்சூரன்ஸ் பாஷையில் நான் இப்போது மாத்திரையிலும் "தோற்ற" ஆள் ஆகிவிடலாம். முன் அனுமதி மனுவோடு அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன், பின்பக்கத்துப் பென்சில் கணக்கோடு சேர்த்து. மூன்றாவது வாரம் ஆகிறது. பரிசீலனையில் இருப்பதாகப் போனில் ஒரு மெஷின் சொல்கிறது. மாமா தினமும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்.