நான்கு ஃபேன்டஸி ஆர்பிஜி கேம்கள்: திரும்பத் திரும்ப ஆட வைப்பது எது?

ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் ஒவ்வொரு கேமுக்குப் பக்கத்திலும் நாம் ஆடிய நேரத்தைக் காட்டும். என் கணக்கில் இன்றைய நிலவரப்படி ஸ்கைரிமில் 610 மணி நேரம், பால்டர்ஸ் கேட் 3-இல் 440, எல்டன் ரிங்கில் 260, விட்சர் 3-இல் 190. ஆனால் இந்த நான்கு ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக இறங்கி ஆடும்) கேம்களில் எது உன் மனசுக்கு நெருக்கம் என்று யாராவது கேட்டால், கடைசியில் நிற்கும் விட்சர் 3-ஐத்தான் சொல்வேன். அது ஏன் என்று எனக்கே ரொம்ப நாள் புரியவில்லை. இப்போது ஓரளவு புரிகிறது: ஒரு கேமில் ஆழம் இருப்பது வேறு, முடித்த பிறகும் அதைத் திரும்ப ஆடத் தோன்றுவது வேறு. பல ரிவ்யூக்களில் இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடுகிறார்கள். அதை நம்பி வாங்கினால் ஏமாற்றமாகிவிடும்.

(கதையின் முக்கியமான திருப்பங்கள் சில கீழே வருகின்றன. இன்னும் ஆடாதவர்கள் பார்த்துப் படிக்கவும்.)

விட்சர் 3 வந்தது 2015-இல். நான் வாங்கியது அடுத்த வருடம். தொடக்கத்தில் வரும் வைட் ஆர்ச்சர்ட் கிராமத்தில் ஒரு பாட்டி பூட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தன் வாணலியை எடுத்துத் தரச் சொல்கிறாள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. கதவை உடைத்து உள்ளே போனால் ஒரு பிணம், எரிந்த காகிதங்கள், சுரண்டிச் சுத்தமாகக் கிடக்கும் வாணலி. அதன் கரியைச் சுரண்டி யாரோ மை தயாரித்திருக்கிறார்கள் என்று நாம் ஆடும் கதாநாயகன் கெரால்ட் கண்டுபிடிக்கிறான். போரின் மறைவில் நடக்கும் ஒரு ஒற்றர் கதையின் நுனி அது. பாட்டிக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது. வாணலி பளபளவென்று திரும்பி வந்ததில் சந்தோஷப்படுகிறாள், அவ்வளவுதான். ஒரு வாணலிக்கு இத்தனை யோசித்து எழுதியிருக்கிறார்களே என்று எனக்கு அப்போதே இந்த கேம் மீது மரியாதை வந்துவிட்டது.

வெலன் பகுதியில் வரும் ப்ளடி பேரன் (Bloody Baron, ஒரு பிரபு) கதையை நானும் என் தங்கையும் சேர்ந்து ஆடினோம். கன்ட்ரோலர் என் கையில், முடிவெடுப்பது அவள். ஒரு குன்றுக்கு அடியில் மரத்தோடு சிறைப்பட்டிருக்கும் ஓர் ஆவி, தன்னை விடுவித்தால் சதுப்பு நிலத்து அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறது. அதை நம்புவதா, கொன்றுவிடுவதா? “குழந்தைங்கள காப்பாத்துண்ணா” என்றாள். விடுவித்தேன். குழந்தைகள் தப்பினார்கள். அது உடனே தெரியவில்லை, பல மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. பேரனின் மனைவி அன்னா சாபத்தில் சிக்கிச் செத்துப்போனாள், பேரன் தன் கோட்டையிலேயே மரத்தில் தூக்கு மாட்டிக்கொண்டான். தங்கை எதுவும் பேசவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “அணைச்சிடு, நாளைக்குப் பாக்கலாம்” என்றாள். பழைய சேவுக்கு (முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்கு) திரும்பவும் வழியில்லை. அதற்குள் எவ்வளவோ தூரம் வந்திருந்தோம்.

இதுதான் நான் சொல்லும் ஆழம். ஆனால் இரண்டாம் முறை தொடங்கியபோது என்ன ஆனது? ஆவியைக் கொன்றேன். பேரன் பிழைத்தான், சித்தம் கலங்கிய மனைவியைச் சிகிச்சைக்காகக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனான். குழந்தைகளைக் காணோம். அந்தக் காட்சி மாறியது, சரி. அதற்கு முன்னும் பின்னும் பல மணி நேரம் அதே பாதை, அதே உரையாடல். யார் ஆடினாலும் கெரால்ட் கெரால்ட்தான். இரண்டு வாள், ஐந்து மந்திரக் குறிகள். ஸ்கெலிகா தீவுகளின் கடலில் மேப் முழுக்கக் கேள்விக்குறிகள் இருக்கும். பெரும்பாலும் கடத்தல்காரர்களின் பெட்டிகள்தான். முதல் முறையே அலுத்தவை அவை. கெரால்ட் மகளாக வளர்த்த சிரியின் முடிவைத் தீர்மானிப்பது சின்னச் சின்னத் தருணங்கள்: அவள் துவண்டிருக்கும்போது பனி உருண்டை எறிந்து விளையாடுகிறோமா, இல்லை ஆறுதல் சொல்லிக் குடிக்க உட்காருகிறோமா என்பது வரைக்கும். முதல் முறை தெரியாமல் செய்யும்போது அதில் இருந்த உயிர், தெரிந்தே செய்யும்போது இல்லை. இரண்டாவது ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நல்ல நாவலைப் படித்து மூடி வைப்பதுபோல. 2016-இல் வந்த ப்ளட் அண்ட் வைன் டிஎல்சி (கூடுதல் பாகம்) மட்டும் விதிவிலக்கு. டூசான் என்ற புது நாடே அதில் இருக்கிறது. அந்தத் திராட்சைத் தோட்டங்களில் சும்மா குதிரையில் சுற்றுவதற்காகவே எப்போதாவது அதைத் திறப்பேன்.

ஸ்கைரிம் இதற்கு நேர்மாறு. எழுத்து என்று பார்த்தால் நான்கில் இதுதான் மெலிசு. மந்திரக் கல்லூரியில் மிகக் கொஞ்சம் மந்திரத்தை வைத்துக்கொண்டே தலைவராகிவிடலாம். அதே ஆள் திருடர் கூட்டத்துக்கும் தலைவர், வீரர் படைக்கும் தலைவர். ஊரில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது. ரேடியன்ட் குவெஸ்ட் என்று தானாக உருவாகிக்கொண்டே இருக்கும் வேலைகள் உண்டு: இந்த வீட்டில் இதைத் திருடு, அந்தக் குகையில் அவனைக் கொல். எண்ணிக்கையில் முடிவே கிடையாது, உள்ளே ஒன்றும் கிடையாது. கல்லறைகளில் வரும் விலங்குப் படம் போட்ட சுழல் கதவுகளுக்கு விடை, திறக்க வேண்டிய நகச் சாவியின் அடியிலேயே செதுக்கியிருக்கும். முதல் தடவை அதைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தபோது எவ்வளவு சந்தோஷம்! பத்தாவது கதவில் கை தானாகச் சுழற்றியது.

அப்படியிருந்தும் 610 மணி நேரம். காரணம், ஸ்கைரிம் நம்மைக் கதை கேட்கச் சொல்வதில்லை, குடியிருக்கச் சொல்கிறது. 10 இனங்கள், 18 திறன்கள், ஆரம்பக் காட்சிகள் முடிந்ததும் எந்தத் திசையில் வேண்டுமானாலும் நடக்கலாம். நான் ஒரு முறை வேட்டைக்காரனாக மட்டும் வாழ்ந்தேன். மான் அடித்து, தோல் பதப்படுத்தி விற்று, ரிவர்வுட்டில் தூங்கினேன். மெயின் குவெஸ்டை, அதாவது முக்கியக் கதையை, தொடவே இல்லை. இன்னொரு முறை ரசவாதி. ஒரு வருடம் கழித்து, வேறு தொடக்கம் தரும் மோட் (ரசிகர்கள் கேமில் செய்யும் மாற்றம்) ஒன்றைப் போட்டு, கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவளாக ஆரம்பித்தேன். மோட்களைத் தனியாகப் பேச வேண்டும் என்றால் இந்தக் கட்டுரை போதாது. 2011-இல் வந்த கேமுக்கு ஆட்கள் இன்றும் புது நிலங்களும் புது குவெஸ்ட்களும் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: எப்படித் தொடங்கினாலும் கடைசியில் மறைந்து நின்று அம்பு விடுபவராக ஆகிவிடுவீர்கள். அது அத்தனை சுலபம், அத்தனை வலுவானது. அதைத் தவிர்க்க நமக்கு நாமே விதி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி விதி போட்டு ஆடப் பிடிக்காதவர்களுக்கு ஸ்கைரிம் இரண்டாம் முறை இனிக்காது.

எல்டன் ரிங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் மாறுவது கேம் இல்லை, நாம்தான். டிராகன் எரித்த இடிபாடுகளுக்குள் ஒரு பெட்டியைத் திறந்தேன். புகை கிளம்பியது, அடுத்த நொடி கேலிட் பகுதியின் ஒரு சுரங்கத்துக்குள் கிடந்தேன். லெவல் 12 இருக்கும். அங்கிருந்து உயிரோடு வெளியேற ஒரு மாலை முழுக்கப் போனது. வெளியே வந்து பார்த்தால் சிவந்த வானம், அழுகிய நிலம். இரண்டாம் ஆட்டத்தில் அதே பெட்டியை வேண்டுமென்றே திறந்தேன், வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்தேன். முதலில் என்னை அடித்து விரட்டிய மார்கிட் என்ற பாஸை (பெரிய எதிரியை) மூன்றாவது ஆட்டத்தில் ஒரே மூச்சில் முடித்தேன். ஸ்டார்ம்வேல் கோட்டைக்குள் போகாமலே பக்கத்துப் பாறை வழியாக அடுத்த பகுதியான லியூர்னியாவுக்குப் போகலாம் என்பதும் தாமதமாகத்தான் தெரிந்தது. வாள், மந்திரம், ரத்தம் என்று பில்டு (கேரக்டரின் சண்டை முறை) மாறினால் ஒவ்வொரு பாஸ் சண்டையும் புதிதாகிறது. ஆனால் தேடிக் கண்டுபிடிக்கும் வியப்பு ஒரு முறைதான். சின்னச் சின்னப் பாதாளக் கல்லறைகளில் அதே பாஸ்கள் திரும்பத் திரும்ப வருவது அடுத்த ஆட்டத்தில் நன்றாகவே உறுத்தும்.

ஆழமும் மறு ஆட்டமும் ஒன்றாகச் சேர்ந்து நான் பார்த்தது 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இல்தான். 150 ஜிபி இடம் கேட்கும், எஸ்எஸ்டி கட்டாயம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செத்தவர்களோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு. ஒரு பிணத்திடம் கேள்வி கேட்கப் போனேன். நான் கொன்றவன் என்பதால் அது என்னோடு பேச மறுத்தது. இப்படியும் யோசித்திருக்கிறார்களா என்று வியந்து, மாறுவேட மந்திரம் போட்டுக்கொண்டு வேறு முகத்தோடு மறுபடி போனேன். பேசியது! அந்த நிமிடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த கேமில் நமக்குத் தோன்றுகிற கோணல் யோசனைகளில் பெரும்பாலானவற்றுக்கு யாரோ ஏற்கெனவே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கோப்லின் முகாமில் மூன்று தலைவர்களை ஒழிக்க வேண்டும். முதல் முறை நேராகச் சண்டை போட்டேன். அடுத்த முறை முகாமில் இருந்த கோப்லின்கள் குடிக்கும் சாராயத்தில் விஷம் கலந்தேன். மூன்றாவது முறை கோப்லின்கள் பக்கமே சேர்ந்தேன். என் கூட்டாளிகளான கார்லாக்கும் வில்லும் என்னோடு இருக்க மறுத்துவிட்டார்கள், அடைக்கலம் தேடி வந்த, கொம்பு முளைத்த டீஃப்லிங் இனக் குடும்பங்கள் இல்லாமல் அடுத்த பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. குறையாகவும் இதைச் சொல்ல வேண்டும்: கெட்ட வழியில் இழப்பது நிறைய, அதற்கு ஈடாகக் கிடைப்பது குறைவு. நகரத்தில் நடக்கும் மூன்றாம் பகுதியில் குவெஸ்ட்கள் மேலே மேலே குவிந்து மூச்சு முட்டும். என் ஐந்து ஆட்டங்களில் இரண்டு அங்கேயே நின்றுபோயின. தொடக்கக் கப்பல் காட்சியும் மூன்றாம் முறைக்கு மேல் சலிப்புதான்.

ஆனாலும் உள்ளே கொலைவெறி துடிக்கும் டார்க் அர்ஜ் என்ற கேரக்டரோடு ஆடினால் அதே கதை உள்ளிருந்தே மாறிவிடுகிறது. 2023 கடைசியில் வந்த ஹானர் மோடில் ஒரே சேவ்தான், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. இருட்டில் கால் வைப்பதுபோல ஒவ்வொரு கதவையும் திறக்க வேண்டும். 2025-இல் வந்த எட்டாவது பேட்ச் (அப்டேட்) ஒவ்வொரு வகுப்புக்கும் (போர்வீரன், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகைக்கு) ஒன்று என 12 உபவகுப்புகளைச் சேர்த்தது. நம் முகாமில் இருக்கும் விதர்ஸ் என்பவரிடம் 100 பொற்காசு கொடுத்தால் கேரக்டரின் வகுப்பையே மாற்றிக்கொள்ளலாம் என்பதால், புது ஆட்டம் தொடங்காமலும் இவற்றைப் பரிசோதிக்க முடிகிறது.

போன மாதம் லீவுக்கு வந்த தங்கை, முதல் முறையாகத் தனக்கென்று ஒரு கேரக்டர் உருவாக்கி பால்டர்ஸ் கேட் 3-ஐ ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. டீஃப்லிங்குகள் அடைக்கலம் தேடி வந்த தோப்புக்குள், அதன் தற்காலிகத் தலைவி காகா ஒரு சிறுமியைப் பிடித்து வைத்திருக்கிறாள், பாம்பு சீறிக்கொண்டிருக்கிறது. தங்கை பேசிப் பார்த்தாள். பகடை உருண்டது, போதவில்லை. சிறுமி ஓடப் பார்த்தாள், பாம்பு கொத்தியது.

“சேவ் இருக்கு, லோட் பண்ணவா?” என்று கேட்டுவிட்டேன்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வேணாம்ணா. இவளோட அம்மா அப்பா வெளிய நிப்பாங்கள்ல, அவங்ககிட்ட நாந்தான் போய்ச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு, தோப்பு வாசலை நோக்கிக் கேரக்டரை நடத்திக்கொண்டு போனாள்.