சீபாப் இயந்திரத்துடன் நான்கு ஆண்டுகள்: பக்கத்தில் படுப்பவரின் அனுபவம்

குறட்டைக்காகச் சீபாப் இயந்திரம் (உறக்கத்தில் மூச்சுவழி அடைபடாமல் மாஸ்க் வழியே காற்றைச் செலுத்துவது) வாங்கலாமா என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இதுதான்: பரிசோதனை செய்து மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் அதை ஒருவருக்கான இயந்திரம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மாஸ்க் அணிந்து உறங்குபவர் என் கணவர். மாஸ்க் விலகுவதும், காற்று கசிந்து சீறுவதும், அவர் தூக்கக் கலக்கத்தில் அதைக் கழற்றி எறிவதும் அவருக்குத் தெரிவதில்லை. எனக்குத்தான் தெரியும். ஆகவே இந்த அனுபவத்தை நான் எழுதுவதே பொருத்தம்.

நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். அவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. திருமணமான நாளிலிருந்தே குறட்டை உண்டு. "அசந்து தூங்குகிறான், உழைக்கிற உடம்பு" என்று அத்தை பெருமையாகச் சொல்வார். நாற்பது வயதைத் தாண்டியபின் அது வேறு விதமாக மாறியது. உரத்த குறட்டை திடீரென்று நின்றுவிடும். மார்பு ஏறி இறங்கும், மூச்சு மட்டும் வராது. பிறகு ஒரு பெரிய திணறலோடு மறுபடி தொடங்கும். சத்தம் என்னை எழுப்பிய காலம் போய், அந்த அமைதி என்னை எழுப்பத் தொடங்கியது. காலையில் அவருக்குத் தலைவலி. மாலையில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே கண் சொருகும். இரவு ஷிப்ட் முடிந்து தேசிய நெடுஞ்சாலை 44-இல் வண்டி ஓட்டி வருகிறாரே என்று நான் பயந்தது வீண் பயமில்லை. உறக்கத்தில் மூச்சு அடைபடும் இந்த நோய் உள்ளவர்களுக்குச் சாலை விபத்துக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

மருத்துவரிடம் போனபோது முதலில் கொடுத்தது ஒரு கேள்வித்தாள். எப்வர்த் அளவுகோல் என்பார்கள். மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. புத்தகம் படிக்கும்போது, மதியம் படுத்திருக்கும்போது, சிக்னலில் வண்டி நிற்கும்போது என்று எட்டுச் சூழல்களைச் சொல்லி, கண்ணயர்ந்துவிட எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கும். மொத்தம் 24 மதிப்பெண். 10-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். அவர் தனக்குத்தானே 7 போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் திருத்தியதும் 16 ஆனது. பகல் தூக்கம் பழகிப்போனவருக்கு அது தூக்கமாகவே தெரிவதில்லை. கணவரோ மனைவியோ உடன் போகாமல் இந்தப் பரிசோதனைக்கு யாரும் தனியாகப் போக வேண்டாம் என்பேன்.

இரவுப் பரிசோதனையில் ஏ.ஹெச்.ஐ. என்ற எண் 38 என்று வந்தது. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு முழுதாக நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்பதுதான் அந்த எண். பத்து விநாடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேரும். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, வேகமாக உறிஞ்சும்போது மெல்லிய ஸ்ட்ரா ஒட்டிக்கொள்வதைப் போல மூச்சுவழி ஒட்டிக்கொள்கிறது. சீபாப் செய்வது ஒரே வேலை: காற்றை விடாமல் ஓர் அழுத்தத்தில் செலுத்தி அந்த வழியைத் திறந்தே வைப்பது. அது தருவது ஆக்சிஜன் அல்ல, அறைக்காற்றுதான். "ஆக்சிஜன் வைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டதா?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கலங்குவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் பொருத்தி இதைச் செய்து பார்த்தார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அதற்கு முன்பு நோய் கடுமையானவர்களுக்குத் தொண்டையில் துளையிடுவதுதான் வழியாக இருந்தது. மாஸ்க்கைப் பார்த்து மலைக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

எங்களுடையது அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி வகை. இயந்திரத்தின் மீது எனக்குக் குறையே இல்லை. ஓசை முப்பது டெசிபெலுக்குள் அடங்குகிறது. மின்விசிறி ஓடினால் அதுவும் கேட்காது. தொல்லை எல்லாம் மாஸ்க்கில்தான். எங்களுக்கு விற்றவர்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, நடுத்தர அளவு என்று முடிவுசெய்து கொடுத்துவிட்டார்கள். படுத்தால் கன்னத்துச் சதை நகர்கிறது, ஒருக்களித்தால் இன்னும் நகர்கிறது. இரவெல்லாம் கண்ணை நோக்கிக் காற்று கசிந்து, காலையில் கண்கள் சிவந்திருந்தன. கசிவை நிறுத்த வாரை இறுக்கினார். மூக்குத்தண்டில் புண் வந்தது. மாஸ்க்கை அளவுக்கு மீறி இறுக்கினால் கசிவு கூடுமே தவிரக் குறையாது என்பதை நாங்களாகத்தான் தெரிந்துகொண்டோம். மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு காற்றில் லேசாக உப்பிக்கொண்டு முகத்தில் பொருந்த வேண்டும். இறுக்கினால் அது மடிந்துபோகும். கடைசியில் மூக்கை மட்டும் மூடும் சிறிய அளவு மாஸ்க் சரியாக வந்தது. வாய் திறந்து உறங்குகிறவர்களுக்கு அது உதவாது. வாயையும் மூடும் வகைதான் வேண்டும். தாடி வைத்திருப்பவர்களும் கசிவோடு போராட வேண்டியிருக்கும்.

அதோடு வயிறு உப்புசம். காற்றை விழுங்கிவிட்டுக் காலையில் ஏப்பமாக விட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் அழுத்தத்தின் மேல் எல்லையைச் சற்றுக் குறைத்ததும் சரியானது. இப்படிப்பட்டவற்றைப் பொறுத்துக்கொள்ளாமல் உடனே போய்ச் சொல்ல வேண்டும். பலரும் முதல் மாதத்திலேயே இயந்திரத்தைப் பரண்மேல் போடுவது இந்தச் சின்னச் சின்னத் தொந்தரவுகளால்தான்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். ஓர் இரவில் நான்கு மணி நேரம் அணிந்தாலே போதுமான பயன்பாடு என்று ஒரு கணக்கு உண்டு. காப்பீட்டுக்காரர்களும் ஆய்வாளர்களும் வைத்திருக்கிற அளவு அது. அதை நம்பி விடியற்காலை மூன்று மணிக்குக் கழற்றிவிடக் கூடாது. கனவு வரும் உறக்கம் இரவின் பின்பகுதியில்தான் மிகுதி. அப்போது தசைகள் மிகவும் தளர்வதால் பலருக்கு மூச்சடைப்பும் அப்போதுதான் மோசமாகும். என் கணவர் மூன்று, மூன்றரைக்குக் கழிவறைக்கு எழுந்து போய்விட்டு வந்து மாஸ்க் போடாமலே சாய்ந்துவிடுவார். நான் எழுந்து மாஸ்க்கை மாட்டிவிடுவேன். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது, அவருக்கும்தான். ஆனால் முழு இரவும் அணிந்த மறுநாளுக்கும் பாதி இரவு அணிந்த மறுநாளுக்கும் உள்ள வேறுபாட்டை இருவருமே கண்ணால் கண்டோம். இப்போது அவரே குழாயைத் தலையணையில் கொக்கி போட்டு வைத்துக்கொள்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் உறங்கினாலும், ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணயர்ந்தாலும், மாஸ்க் உண்டு.

இதனால் என்ன மாறியது? ஏ.ஹெச்.ஐ. இப்போது பெரும்பாலும் 4-க்குக் கீழே. காலைத் தலைவலி முதலில் போனது. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தவர், இப்போது ஒருமுறைதான் எழுகிறார். பேச்சில் இருந்த சிடுசிடுப்பு குறைந்தது. மாலையில் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். எனக்கும் உறக்கம் திரும்பக் கிடைத்தது. இதைத் தனியாக ஒரு பலனாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எந்த அறிக்கையிலும் என் உறக்கத்துக்கு ஒரு கட்டம் இல்லை. அதே சமயம், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் இந்த இயந்திரம் தடுத்துவிடும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். 2016-இல் வெளியான 'சேவ்' என்ற பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ உள்ள 2,700 பேரளவில் கண்காணித்தார்கள். குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அதில் அவர்கள் சராசரியாக அணிந்தது இரவுக்கு 3.3 மணி நேரம்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை எங்கள் வீட்டில் தொடர்கிறது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவதாக இல்லை.

பராமரிப்பு தினசரி வேலை. மாஸ்க்கின் சிலிக்கான் பகுதியைக் காலையில் மிதமான சோப்பு நீரில் கழுவிவிட வேண்டும். முகத்து எண்ணெய் படிந்தால் அன்றிரவே கசியும். காற்றை ஈரமாக்க இயந்திரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் வெள்ளையாக உப்புப் படியும். ஆர்.ஓ. நீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கிறது. மருந்துக் கடையில் கேன் வாங்கி வைத்திருக்கிறேன். தொட்டியில் மீந்த நீரை மறுநாள் பயன்படுத்தக் கூடாது. அதைக் கீழே கொட்ட மனம் வராமல் வாசலில் இருக்கும் ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றுகிறேன். பன்னீர் ரோஜா ஒன்று, பட்டன் ரோஜா இரண்டு. உப்புத் தண்ணீர் ரோஜாவுக்கும் ஆகாது, இலை ஓரம் கருகும். சுற்றிலும் பசுமைக்குடில்களில் ஏற்றுமதிக்கு ரோஜா வளர்க்கும் ஊர் இது, அதனால் கவாத்து செய்வதற்கு ஆலோசனைக்குக் குறைவில்லை. இப்போது அந்த வேலையை விடியற்காலையில் அவரே எடுத்துக்கொண்டுவிட்டார். முன்பெல்லாம் விடுமுறை நாளில் பத்து மணிக்கு முன் அவரை எழுப்ப முடியாது.

ஓசூரின் மார்கழிக் குளிரில் இன்னொரு சிக்கல் வந்தது. சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீராகி, களகளவென்று சத்தம் போட்டு மூக்கில் சொட்டும். இயந்திரத்தைக் கட்டிலைவிடத் தாழ்வான முக்காலியில் வைத்தோம்; குழாயைப் போர்வைக்குள் கொண்டுவந்தோம். பாதி சரியானது. உள்ளே சூட்டுக் கம்பி ஓடும் குழாய் வாங்கியபின் முழுதும் சரியானது. விலை அதிகம்தான், ஆனால் குளிர்ப் பகுதியில் இருப்பவர்களும் ஏ.சி. அறையில் உறங்குபவர்களும் முதலிலேயே அதை வாங்கிவிடலாம்.

அந்தச் சூடு எங்கள் பூனைக்கும் பிடித்துவிட்டது. கருப்பி இரவெல்லாம் குழாயை அணைத்துக்கொண்டு படுத்தாள். ஒருநாள் கடித்துத் துளை போட்டுவிட்டாள். ஊசி நுழையும் அளவு துளைதான். ஆனாலும் கசிவு அளவு ஏறி, அன்றிரவு குறட்டை திரும்பிவிட்டது. கம்பி ஓடும் குழாயை டேப் ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மற்றபடி பூனை உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியது காற்று வடிகட்டி. முடியும் தூசும் சேர்ந்து அது சாம்பல் நிறமாகிவிடும். மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். கருப்பியை அறையைவிட்டு வெளியேற்றச் சொன்னவர்கள் உண்டு. நான் செய்யவில்லை. குழாய்க்குக் கெட்டித் துணியில் உறை தைத்தேன். அவளுக்கு என் கால்மாட்டில் கம்பளி மடித்துப் போட்டேன். அதில்தான் படுக்கிறாள்.

மின்வெட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் போதும். ரயில்தான் கடினம். 2021-இல் சில ரயில்வே மண்டலங்கள் தீ விபத்துக்கு அஞ்சி இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் இணைப்புகளை நிறுத்தச் சொல்லின. நமக்குத் தேவைப்படும் நேரமே அதுதான். இதற்கென்று விற்கும் தனி பேட்டரி வாங்கினோம். ஈரப்பதத்தை நிறுத்திவிட்டால் அதில் ஓர் இரவு தாக்குப்பிடிக்கிறது. விமானத்தில் போவதானால் பெட்டியோடு அனுப்பாமல் கையில் எடுத்துச் செல்லுங்கள், மருத்துவர் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தால் மாதிரி எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஓசையை அடக்க உள்ளே வைத்த நுரை சிதைந்து துகள்கள் மூச்சில் போகக்கூடும் என்பதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல மாதிரிகளைத் திரும்பப் பெற்றது. ஓசோனால் சுத்தம் செய்யும் கருவிகள் அந்தச் சிதைவைக் கூட்டக்கூடும் என்றும் அப்போது எச்சரித்தார்கள். சோப்பும் தண்ணீரும் போதும்.

பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ஆணின் குறட்டையை ஊரே பேசும். பெண்ணின் குறட்டையை வீட்டிலேயே மறைப்பார்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இந்த மூச்சடைப்பு அதிகமாகிறது. பெண்களிடம் அது பெரும்பாலும் அசதியாகவும், தூக்கமின்மையாகவும், காலைத் தலைவலியாகவும் வெளிப்படுவதால் "வயதாகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். என் நாத்தனாருக்கு அப்படித்தான் தாமதமானது. கூச்சத்தை விட்டுப் பரிசோதித்து, இப்போது அவரும் சீபாப் பயன்படுத்துகிறார். அவருக்கு வந்த தடை மூக்குத்தி. மூக்கை மூடும் மாஸ்க்கின் விளிம்பு அதன்மேல் உட்கார்ந்து கசிந்தது, அழுத்தி வலித்தது. கழற்ற அவருக்கு விருப்பமில்லை. கழற்றச் சொல்ல வேண்டியதும் இல்லை. மூக்கின் அடியில் மட்டும் தாங்கி நிற்கும் வகை மாஸ்க் இருக்கிறது, அது மூக்குத்தியைத் தொடுவதில்லை. வாங்கப் போகும்போது மூக்குத்தியோடே போய், அங்கேயே படுத்து, இயந்திரத்தை உங்கள் அழுத்தத்தில் ஓடவிட்டு, இரு பக்கமும் புரண்டு பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.